ஒரு அடர்த்தி எண், பதினான்கு மாதம்

சிறுத்தை கணக்கெடுப்பின் கடைசி கேமராவைக் கழற்றிய நாளுக்கும், கட்டுரை ஏற்கப்பட்டது என்ற மின்னஞ்சலுக்கும் நடுவே பதினான்கு மாதம் ஓடிவிட்டது. அதில் மாடல் ஓடிய நேரத்தை எல்லாம் கூட்டினால் மூன்று வாரம் தேறாது. காட்டுவிலங்கு எண்ணிக்கை மாடலிங்குக்கு வருகிறவர்கள் கணிதத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கணிதம் இந்த அளவுக்கு யாரையும் படுத்தாது. படுத்துவது சி.எஸ்.வி. கோப்பு, அதாவது தரவைக் காற்புள்ளி போட்டுப் பிரித்து வைக்கும் சாதாரண அட்டவணை.

சிறுத்தை அடர்த்தி, 40 இடங்கள், இடத்துக்கு எதிரெதிராக இரண்டு கேமரா, 50 நாள். ஆர் நிரல்மொழியில் எஸ்.இ.சி.ஆர். தொகுப்பை வைத்து இடம்சார் பிடி-மறுபிடி மாடல்: எந்த விலங்கு எந்தெந்தக் கேமராவில் முதலில் விழுந்தது (பிடி), திரும்ப விழுந்தது (மறுபிடி) என்பதிலிருந்து அடர்த்தியைக் கணிப்பது. அந்த முறை ஏன் என்று இங்கே விளக்கப் போவதில்லை. ஒவ்வொரு விலங்கும் நகர்ந்த அதிகபட்சத் தூரங்களின் சராசரியில் (எம்.எம்.டி.எம்.) பாதியைப் பட்டையாகச் சுற்றிலும் போட்டுப் பரப்பு கண்டுபிடித்த காலம் போய்விட்டது, அவ்வளவுதான்.

முதல் அடி கேமராவின் கடிகாரத்தில் விழுந்தது. பேட்டரி இறங்கி மாற்றினால் சில கேமராக்கள் தொழிற்சாலைத் தேதிக்குப் போய்விடும், ஏதோ ஒரு வருடத்து ஜனவரி 1. படம் இருக்கும், எந்த நாள் என்று தெரியாது. இதற்கு ஒரே மருந்து, கேமராவைப் பூட்டும்போதும் திறக்கும்போதும் ஜி.பி.எஸ். திரையை அதன் முன்னால் பிடித்து ஒரு படம் எடுக்க வைப்பது. அந்தப் படத்தில் தெரியும் நேரத்துக்கும் கோப்பில் பதிந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மொத்தப் படங்களுக்கும் கூட்டிவிடலாம். அப்படிச் செய்திருந்த இடங்கள் பத்து நிமிடத்தில் சரியாயின. செய்யாத இரண்டு இடங்களின் பதிவுகளைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

அடுத்தது எக்செல். நாள்/மாதம் என்று அடித்த தேதிகளை, மாதம்/நாள் அமைப்பில் இருந்த கணினி திறந்தது. 04/07 சத்தமில்லாமல் ஏப்ரல் 7 ஆனது. 13/07 மட்டும் புரியாமல் எழுத்தாகவே நின்றது. ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள் தவறு (07/07 மாதிரி இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் தப்பும்), மீதி மாறாமல் நின்றது. இதைவிட மோசமான பிழை கிடையாது, ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் தேதி மாதிரியே இருக்கும். அதே எக்செல் 3-2 என்ற இடக் குறியீட்டையும் தேதியாக்கி வைத்திருந்தது. இட எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்தைப் போடுங்கள், தேதியை வருடம்-மாதம்-நாள் என்று எழுதுங்கள், எக்செல்லில் திறந்து சேமிக்காதீர்கள்.

கேமரா எந்தெந்த நாள் உயிரோடு இருந்தது என்ற வரிசை அடுத்த தலைவலி. எஸ்.இ.சி.ஆர். கோப்பில் ஒவ்வொரு இடத்தின் எக்ஸ், ஒய்க்குப் பிறகு 1111100 என்று வேலை செய்த நாளுக்கு 1, செத்த நாளுக்கு 0 வரும். 17-ஆம் நாள் செத்த கேமராவை 50-ஆம் நாள்தான் எடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் 1 என்று போட்டால் அங்கே 33 நாள் சிறுத்தையே வரவில்லை என்று மாடல் நம்பிவிடும். கண்டறிவு வாய்ப்பும் சிக்மாவும் (விலங்கு தன் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் அலைகிறது என்பதன் அளவு) கோணலாகும். இன்னொன்று: நாம் எதையும் சொல்லாவிட்டால் அந்தத் தொகுப்பு 'மல்ட்டி' வகைப் பொறி என்று எடுத்துக்கொள்ளும். அது விலங்கை உள்ளே பிடித்து வைக்கும் கூண்டுக்கு. கேமராவில் ஒரே இரவில் ஒரே சிறுத்தை இரண்டு இடத்தில் விழலாம். 'ப்ராக்ஸிமிட்டி' அல்லது 'கவுண்ட்' என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் யு.டி.எம். முறை பற்றி ஒரே வரி: ஆய்வுப் பகுதி இரண்டு மண்டலத்தின் எல்லையில் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே மண்டலத்துக்கு மாற்றிவிட்டு ஒரு முறை வரைந்து பாருங்கள். எங்கள் வரைபடத்தில் 9 கேமராக்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நின்றன.

இப்போது அடையாளம் காணும் வேலை. சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் ஒன்றல்ல. இரண்டில் ஒரு கேமரா செத்துப்போன இடத்தில் ஒரு பக்கம்தான் கிடைக்கும். அதனால் ஒரே விலங்கின் இடப்பக்கம் ஒரு பெயரிலும் வலப்பக்கம் இன்னொரு பெயரிலும் பட்டியலில் ஏறிவிடுகிறது. முதல் எண்ணிக்கை 19. இன்னொருவர் முதல் பட்டியலைப் பார்க்காமல் தனியாகப் பிரித்தபோது 16. மூன்று பேய்ச் சிறுத்தைகள். ஒரு விலங்கை இரண்டாக உடைத்தால் தலை எண்ணிக்கை ஏறும், மறுபிடி எண்ணிக்கை இறங்கும். இரண்டுமே அடர்த்தியை மேலே தள்ளும். இது கற்பனைப் பயம் இல்லை. 2020-இல் வெளியான ஒரு சோதனையில், யார் யார் என்று முன்பே தெரிந்த 16 கூண்டுப் பனிச்சிறுத்தைகளின் படங்களைப் பிரிக்கக் கொடுத்தார்கள். எண்ணிக்கை சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வந்தது. இருபக்கமும் தெரிந்தவை, அவற்றோடு இடப்பக்கம் மட்டும் தெரிந்தவை (அல்லது வலப்பக்கம் மட்டும், எது அதிகமோ அது) என்று எடுங்கள். மறுபக்கத்தை மனசு கேட்காவிட்டாலும் விட்டுவிடுங்கள். மங்கலான படத்துக்கு ஊகப் பெயர் வேண்டாம்.

மாடல் முதல் நாளே ஓடியது. சிக்மா 2.9 என்று வந்தது. சிறுத்தைக்கு 2.9 மீட்டரா? கேமரா இடங்களின் ஆயத்தொலைவுகளைக் கிலோமீட்டரில் கொடுத்திருந்தோம், தொகுப்பு மீட்டர் கேட்கிறது. மாற்றி ஓட்டியதும் அடர்த்தி 0.00031. அரை மணி நேரம் பதறிப் பிழை தேடிய பிறகுதான் அது ஹெக்டேருக்கு என்பது உறைத்தது. 10,000-ஆல் பெருக்கினால் 100 சதுர கிலோமீட்டருக்கு 3.1. கேமராக்களைச் சுற்றிக் கணக்கில் சேர்க்கும் பட்டையைத் தொகுப்பு தானாக 100 மீட்டர்தான் போடும், அது எலிக்குக்கூடச் சில சமயம் போதாது. கண்டறிவு வாய்ப்பு தூரத்தோடு குறைவதற்கு அரை-இயல்பு வளைவை எடுத்தால், பட்டைக்கு நான்கு சிக்மா அகலம் வைத்து, இன்னும் அகலமாக்கினால் அடர்த்தி அசைகிறதா என்று பாருங்கள். அசையக் கூடாது.

மாடல் தேர்வில் ஆசைப்பட்டதற்கும் பலன் கிடைத்தது. ஆணா பெண்ணா, சாலை, நீர்நிலைத் தூரம், கேமராவுக்குப் பழகிய விலங்கா என்று ஏழு அளவுருக்கள். மாடல்களை ஒப்பிடும் மதிப்பெண் ஏ.ஐ.சி.சி., அளவுரு கூடினால் தண்டனை போடும், குறைந்த மதிப்பெண் நல்லது. இங்கே அது எடுத்துக்கொள்ளும் மாதிரி அளவு படங்களின் எண்ணிக்கை இல்லை, தனி விலங்குகளின் எண்ணிக்கை. 16 விலங்குக்கு 3 அளவுரு என்றால் சிறு-மாதிரிக் கூடுதல் தண்டனை 2. 7 அளவுரு என்றால் 14. ஆறு நாள் ஓடிய மாடல்கள் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டன.

இதழ் தேர்வில் ஐந்து வாரம் வீண். ஒரு இதழ் மதிப்பாய்வாளருக்கே அனுப்பாமல் திருப்பியது. அடுத்த இதழின் சமர்ப்பிப்புத் தளம் வரி எண் இல்லை என்று இரண்டு முறை தள்ளியது. வரி எண் இருந்தது, மாற்றிய பி.டி.எஃப்.-இல் மறைந்திருந்தது.

பிறகு இரண்டாம் மதிப்பாய்வாளர். 95% நம்பக இடைவெளி 1.9 முதல் 5.1 வரை பரந்திருக்கிறது, மாடலை மேம்படுத்தி 20%-க்குள் துல்லியம் கொண்டுவருக என்றார். எந்த மாடலாலும் அது ஆகாது. 2019-இல் எஃபோர்டும் பூலாஞ்சரும் கொடுத்த சுருக்க விதி இருக்கிறது: சார்புப் பிழை (மதிப்பீட்டில் எத்தனை சதவீதம் பிழை) என்பது, தோராயமாக, தனி விலங்கு எண்ணிக்கை, மறுபிடி எண்ணிக்கை, இவற்றில் சிறியதன் வர்க்கமூலத்தின் தலைகீழ். எங்களிடம் 16 விலங்கு, 38 மறுபிடி. வர்க்கமூலம் 4, ஆக சுமார் 25%. 20% வேண்டுமென்றால் இரண்டுமே 25-ஐத் தொட வேண்டும். கேமராக்களை நெருக்கமாக வைத்ததால் மறுபிடி மிச்சம், தலை குறைவு. அதே கேமராக்களை இன்னும் விரித்து வைத்திருக்க வேண்டும். இந்த விதியைக் களத்துக்குப் போகும் முன் ஒரு தாளில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். நான் பார்த்தது மதிப்பாய்வுக்குப் பதில் எழுதும்போது. கடைசியில், தெரிந்த அடர்த்தியில் 500 போலித் தரவுகளை உருவாக்கி, அதே மாடலைப் பொருத்தி, மதிப்பீடு பெரிதாகச் சாயவில்லை என்று காட்டினோம். அதோடு அவர் வாயடைத்தார், இடைவெளி அப்படியே நிற்கிறது.

கடைசிச் சிக்கல் தரவுக் கிடங்கு. இதழ் கேமரா இடங்களோடு தரவைப் பொதுவில் போடச் சொல்கிறது, கள அனுமதியோ இடத்தை வெளியிடாதே என்கிறது. மூன்று வாரம் இரண்டு பக்கமும் கடிதம். வழி ரொம்பச் சின்னது: எல்லா ஆயத்தொலைவுகளோடும் ஒரே ரகசிய எண்ணைக் கூட்டி, ஒரு கோணத்துக்குத் திருப்பிவிடுங்கள். மாடலுக்குப் புள்ளிகளுக்கு இடையிலான தூரம்தான் தேவை, மதிப்பீடு மாறாது. வாழிட எல்லையையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். ஏரியின் வடிவமே ஊரைக் காட்டிக்கொடுக்கும் என்றால் எல்லையைப் போடாதீர்கள். கிடங்கு அப்புறமும் ஒரு முறை திருப்பியது, விளக்கக் கோப்பில் நெடுவரிசைகளின் அலகு இல்லையாம். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது.

அச்சுப்பிரதி சரிபார்க்க 48 மணி நேரம் கொடுத்தார்கள். முன்னுரையில் காற்புள்ளி தேடாதீர்கள், நேராக அட்டவணைக்குப் போங்கள். எங்கள் அட்டவணை 2-இல் அச்சுக்கோப்பவர் மேலெழுத்து 2-ஐ விழுங்கியிருந்தார். 100 கிலோமீட்டருக்கு 3.1 சிறுத்தை என்று நின்றது.