பிடிஓ தண்டுக்கு மூடி இருக்கிறதா?

ஆனேக்கல், கனகபுரா பக்கம் நிலம் வாங்கி வார இறுதி விவசாயம் செய்யும் பெங்களூர் நண்பர்களே, பாம்புக்குப் பயந்து பூட்ஸ் வாங்குகிறீர்கள், சரி. டிராக்டருக்குப் பின்னால் சுற்றும் பிடிஓ (PTO) தண்டுக்கு, அதாவது என்ஜின் விசையைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கடத்தும் தண்டுக்கு, மூடி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. லுங்கி நுனியோ துப்பட்டாவோ சிக்கினால் உதறிவிட நேரமே கிடைக்காது. ரொட்டவேட்டரில் (டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் கருவி) புல் அடைத்துக்கொண்டால் என்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். டிரைவர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். மட்கார்டில் குழந்தையை உட்காரவைத்து ஓட்டுவது வேண்டவே வேண்டாம் (லைக் நிறைய வரும், தெரியும்).

அப்புறம், மீந்த பூச்சிமருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வாங்கிய டப்பாவிலேயே, லேபிளோடு, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அந்த மருந்தின் பெயரைத்தான்.