திருவள்ளூரில் தயாரான லான்சர்

2018-ஆம் ஆண்டு ஒரு காலை வேளையில், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை ஒட்டிய திடலில், போனட்டைத் திறந்து வைத்து என் மிட்சுபிஷி லான்சர் காரின் மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். தனியார் கார்களின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகும் ஓட்ட வேண்டுமென்றால், பசுமை வரி கட்டி, வண்டியை நேரில் காட்டி, வண்டியின் அடையாளமான சேசிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் பதினைந்தாண்டு எண்ணெயும் புழுதியும் படிந்திருந்தன. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அதைத் துடைத்து, மெல்லிய தாளை ஒட்டிப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தபோது, பிள்ளைகள் நாணயத்தின் மேல் தாள் வைத்துத் தேய்ப்பதுபோல எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையாக மேலெழுந்து வந்தன. அருகில் வந்து பார்த்த ஆய்வாளர், "லான்சரா? அந்தக் கம்பெனிதான் இப்ப இல்லையே சார்" என்றார். கம்பெனி ஜப்பானில் நன்றாகவே இருக்கிறது, இங்கேதான் இல்லை என்று சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார்.

மிட்சுபிஷி என்ற பெயரை நாம் மூன்று வைரம் என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். 'மிட்சு' என்றால் மூன்று என்பது சரி. 'பிஷி' என்று திரிந்து ஒலிக்கும் 'ஹிஷி' என்பதோ குளங்களில் மிதந்து வளரும் ஒரு செடியின் பெயர். வடநாட்டில் சிங்காடா என்று வேகவைத்து விற்கிறார்களே, அந்த இனம். சாய்சதுர வடிவத்துக்கு ஜப்பானியர் அந்தச் செடியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1870-இல் கப்பல் தொழிலில் இறங்கிய இவாசாகி யதாரோ, தன் குடும்பச் சின்னமான மூன்றடுக்குச் சாய்சதுரத்தையும், தான் முன்பு பணிபுரிந்த தோசா சிற்றரசின் யமவுச்சி பிரபுக் குடும்பத்தின் மூன்று ஓக் இலைச் சின்னத்தையும் சேர்த்து உருவாக்கியதுதான் இன்று கிரில்லில் இருக்கும் அடையாளம். வைரம் என்பது பின்னால் வந்த பொருள். ஆனாலும் குளத்துச் செடியைவிட வைரம்தான் கார் விற்க உதவும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கார் செய்வது இவர்களுக்கு நெடுங்காலம் பக்கத் தொழிலாகவே இருந்தது. 1917-இல் கோபேயின் கப்பல் கட்டும் தளத்தில், ஒரு ஃபியட் காரை முன்மாதிரியாக வைத்துக் கையாலேயே செய்த மாடல் ஏ, மொத்தம் 22 கார்களோடு 1921-இல் நின்றுபோனது. அதன் பிறகு கப்பல், விமானம், போர். போரில் தோற்ற பிறகு குழுமம் உடைக்கப்பட்டு, ஜீரோ போர் விமானத்தைச் செய்த பெயர் 1946-இல் சில்வர் பிஜன் என்ற ஸ்கூட்டரில் வந்து நின்றது. 1953-லிருந்து, இங்கே மகிந்திரா செய்ததைப் போலவே, அவர்களும் வில்லிஸ் ஜீப்பை உரிமம் பெற்றுத் தயாரித்தார்கள். கார்களுக்கென்றே மிட்சுபிஷி மோட்டார்ஸ் தனி நிறுவனமாகப் பிரிந்தது 1970-இல். முதல் லான்சர் 1973-இல் வந்தது.

அந்த முதல் லான்சரை உலகத்துக்குக் காட்டியவர் கென்யாவில் பிறந்த ஒரு சீக்கியர். ஜோகிந்தர் சிங் 1974-இல் ஈஸ்ட் ஆப்பிரிக்கன் சஃபாரி ராலியை லான்சர் 1600 ஜிஎஸ்ஆரில் வென்றார். 1976-இல் மறுபடியும் வென்றார். செம்மண் சேறும் குறுக்கே ஓடும் விலங்குகளும் நிறைந்த பல்லாயிரம் கிலோமீட்டர்ப் பாதையில், அன்றைக்கு யாரும் பெரிதாக மதிக்காத ஒரு ஜப்பானியச் சிறு கார் முதலில் வந்து சேர்ந்தது. டக்கார் ராலியில் பஜேரோ பன்னிரண்டு முறை வென்றதெல்லாம் பிறகு நடந்தவை. எனக்கு மனதில் நிற்பது சஃபாரிதான்.

இன்னொன்றும் நிற்கிறது. 1998 நவம்பர், பிரிட்டன் ராலி. லான்சரில் வந்த ஃபின்லாந்துக்காரர் டோமி மாக்கினென், முதல் நாளே எண்ணெய் சிந்திய சாலையில் சறுக்கி, கான்கிரீட் கட்டையில் மோதிச் சக்கரத்தை இழந்து வெளியேறினார். அந்த ஆண்டின் உலக ராலிப் பட்டம் அவருடைய போட்டியாளர் கார்லோஸ் சைன்ஸுக்குத்தான் என்று முடிவாகிவிட்ட நிலையில், கடைசிக் கட்டத்தில், முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்னால், சைன்ஸின் டொயோட்டா எஞ்சின் நின்றுபோனது. அவருடைய துணை ஓட்டுநர் தன் ஹெல்மெட்டைக் காரின் பின் கண்ணாடியில் வீசி உடைத்தார். ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாக்கினென் மூன்றாம் முறையாக உலக வாகையர் ஆனார். அடுத்த ஆண்டும் அவரே. மிட்சுபிஷிக்குத் தயாரிப்பாளர் பட்டம் கிடைத்ததும் அந்த 1998-இல்தான்.

அதே 1998-இல்தான் திருவள்ளூரில் லான்சர் தயாராகத் தொடங்கியது. அம்பாசிடரைச் செய்துவந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்சுபிஷியின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு அமைத்த ஆலை அது. உத்தர்பாராவில் 1950-களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு உடலை அச்சு மாறாமல் வார்த்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனம், இங்கே தாழ்வான மூக்கும் மெல்லிய தூண்களும் கொண்ட ஒரு காரைச் செய்தது. ஜப்பானில் 1995-இல் வந்த ஆறாம் தலைமுறை லான்சரின் உடல் அது. மாக்கினென் ஓட்டிய பந்தயக் காரின் வீங்கிய பம்பரையும் பின் இறக்கையையும் கழற்றினால் கிடைக்கும் அதே வடிவம். 1468 சி.சி. பெட்ரோல் எஞ்சினை வைத்துக்கொண்டு நான் ஏன் அப்படிப் பெருமைப்பட வேண்டும் என்று என் மனைவி கேட்டதுண்டு. நியாயமான கேள்வி.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. 1975-இல் ஹூண்டாய் தன் முதல் சொந்தக் காரான போனியைச் செய்தபோது, அதன் எஞ்சின் மிட்சுபிஷியினுடையது. அதற்குப் பிந்தைய பல ஹூண்டாய்களும் மிட்சுபிஷியின் எஞ்சின்களோடும் வரைபடங்களோடும்தான் வந்தன. ஹூண்டாய் தானே வடிவமைத்த முதல் எஞ்சினான ஆல்ஃபா 1991-இல்தான் வெளியானது. திருவள்ளூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில், லான்சர் வந்த அதே 1998-இல் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. அடுத்த ஆண்டே லான்சருக்கு நேர்ப் போட்டியாக, அந்த ஆல்ஃபா எஞ்சினைத் தாங்கிக்கொண்டு அக்ஸென்ட்டும் வந்தது. ஆசிரியரும் மாணவரும் அடுத்தடுத்த மாவட்டங்களில் எதிரெதிரே கடை போட்டார்கள். மாணவருடைய கடை எப்படி வளர்ந்தது என்பதை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகிற எவரும் பார்க்கலாம்.

நான் வாங்கியது 2009-இல்; ஆறாண்டு ஓடிய 2003 மாடல், வெள்ளி நிறம், 62,000 கிலோமீட்டர். முதல் நாள் உட்கார்ந்தபோது தரையில் உட்கார்ந்ததுபோல இருந்தது. என் அப்பா ஏறி இறங்கிவிட்டு, "இது என்னப்பா, பாய் விரிச்ச மாதிரி இருக்கு" என்றார். நகரத்துக்குள் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டரைத் தாண்டாது. வேகத்தடை ஒவ்வொன்றையும் குறுக்காகத்தான் ஏற வேண்டும். ஆனால் ஏலகிரியின் பதினான்கு கொண்டையூசி வளைவுகளில் ஏறிய அன்றுதான் இந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பது எனக்குப் புரிந்தது. அந்த வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒவ்வொன்றாகத் திரும்பும்போது, பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே பல கம்பிகளால் பிடிக்கப்பட்டிருப்பதால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மற்றது அசையாமல் சாலையைக் கவ்வி நிற்பதும், ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்கு மட்டுமே மூக்கு திரும்புவதும் உள்ளங்கையில் தெரிந்தன. இறங்கும்போது பிரேக்கைவிட இரண்டாம் கியரையே அதிகம் நம்பினேன்.

பதினைந்தாண்டுக்கும் மேலாக வைத்திருப்பவன் என்ற முறையில் என் தவறையும் சொல்லிவிடுகிறேன். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்லி மெக்கானிக் இரண்டு முறை எச்சரித்தார். இரண்டு முறையும் அடுத்த சர்வீஸுக்குத் தள்ளினேன். ரப்பர் பெல்ட் அறுந்துபோவதற்கு முன் எந்தச் சத்தமும் கொடுக்காது. திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம், மூன்றாவது கியரில், எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. வால்வுகள் திறந்திருந்த நேரத்தில் பிஸ்டன் மேலே வந்து முட்டியிருந்தது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, நான்கு வால்வுகளை மாற்றி, லேத்தில் கொடுத்து முகத்தைச் சமன்படுத்தி, திரும்ப மாட்ட இருபது நாள் ஆயிற்று. வண்டியைச் சொல்லிக் குற்றமில்லை.

ஹெட்டைத் திறந்ததோடு தண்ணீர் பம்ப்பையும் மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். புதுப்பேட்டையில் தேடினோம். அங்கே கடைக்காரர்களுக்கு மாடல் பெயர் சொல்லத் தேவையில்லை. கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கி, துளைகளின் இடைவெளியை விரலால் அளந்து, "அது இருக்குது, ஆனா உங்களுக்கு வேண்டாம்" என்று நேர்மையாகச் சொல்பவர்களும் உண்டு. அப்போதுதான் கிள்ளானில் இருக்கும் சித்தப்பா மகன் நினைவுக்கு வந்தான். மலேசியாவின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா, 1985-இல் லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டு பிறந்தது. 1993-இல் வந்த வீராவும் லான்சரின் உடன்பிறப்புதான். என் காரில் உள்ள அதே 4ஜி15 எஞ்சின் குடும்பம் அதிலும் உண்டு. தொலைபேசியில் எண்ணைச் சொன்னேன். "வீரா பம்ப்புதானே அண்ணே, இங்க பெட்டிக்கடை மாதிரி ஒவ்வொரு தெருவுலயும் ஸ்பேர் கடை இருக்கு" என்றான். தீபாவளிக்கு வந்தவன், பலகாரப் பெட்டிக்கும் சேலைக்கும் நடுவில் பம்ப்பையும் இரண்டு பெல்ட்டுகளையும் சுற்றி எடுத்து வந்தான். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மெக்கானிக், போல்ட்டைக் கையாலேயே முடுக்கி, "அண்ணன் தம்பிதான் சார்" என்றார்.

அறிவைப் பிறருக்குக் கொடுப்பதில் இந்த நிறுவனம் கை சுருக்கியதே இல்லை. பெரிய நான்கு சிலிண்டர் எஞ்சின்களில், பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு முறை எழும் ஓர் அதிர்வு உண்டு. கிராங்கைப்போல இரு மடங்கு வேகத்தில் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு தண்டுகளை வைத்து அதை அடக்கலாம் என்பது இங்கிலாந்தின் லான்செஸ்டர் சொன்ன பழைய யோசனை. அதை 1975-இல் சாதாரணக் கார்களுக்கு நடைமுறைப்படுத்திக் காட்டியவர்கள் மிட்சுபிஷிக்காரர்கள். போர்ஷேகூட 944 காருக்காக அந்தக் காப்புரிமையைப் பயன்படுத்திக்கொள்ளப் பணம் கொடுத்தது.

அதே நிறுவனம்தான் தன் குறைகளை வெளியே சொல்ல மறுத்தது. 2000-ஆம் ஆண்டில், வாடிக்கையாளர்களின் புகார்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அரசுக்குத் தெரியாமல் தனியாக ஒதுக்கி வைத்திருந்தது அம்பலமானது. 2002-இல் யோகோஹாமாவில் ஒரு மிட்சுபிஷி லாரியின் சக்கரம் கழன்று ஓடி, குழந்தைகளோடு நடந்து சென்ற தாய் ஒருவரைக் கொன்றது. சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் குறையை நிறுவனம் ஒப்புக்கொள்ள 2004 ஆயிற்று. 2016-இல் மைலேஜ் சோதனை முறைகேடு வெளிவந்தது. சட்டம் சொன்ன முறையை விட்டு வேறு முறையில் 1991 முதல் சோதித்து வந்திருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தது, அவர்களிடம் சிறிய கார்களைச் செய்யச் சொல்லி வாங்கிக்கொண்டிருந்த நிசான். அந்த ஆண்டே நிசான் 34 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. மாக்கினென் கதையை நண்பர்களிடம் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒன்றை மட்டும் சொன்னால் விளம்பரமாகிவிடும்.

திருவள்ளூர் ஆலை மூடிக் கிடக்கவில்லை. மிட்சுபிஷியின் காலம் மங்கிய பிறகு, ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை தயாராகும் வரை இசுசூவின் வண்டிகள் சில ஆண்டுகள் அங்கே தயாராயின. 2021 முதல் அங்கிருந்து சிட்ரோயன் கார்கள் வருகின்றன. சென்ற ஆண்டு திருத்தணிக்குப் போகும் வழியில், அந்தப் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். நம்பர் பிளேட்டைக்கூடப் பார்க்காமல் காரின் முகத்தை மட்டும் பார்த்த தேநீர்க் கடைக்காரர், "இது இங்க செஞ்சதுதானே" என்றார். ஆமாம் என்றேன். தன் மாமா அங்கே பெயின்ட் பிரிவில் வேலை பார்த்ததாகச் சொல்லி, இடது பக்கக் கதவின் மேல் விரலை வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தார். அந்தக் கதவு மட்டும் நான் பின்னாளில் வேறிடத்தில் பெயின்ட் அடித்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

2023-இல் இரண்டாம் முறை பதிவைப் புதுப்பித்தாயிற்று. 2028 வரை செல்லும். கிள்ளானிலிருந்து வந்த பெல்ட்டுகளில் ஒன்று பிரிக்கப்படாமல் டிக்கியில், ஸ்டெப்னிக்குக் கீழே இருக்கிறது.