மாடிக்கு ஏறாமல் போகிறவர்கள்

சேந்தமங்கலத்துக்கு அருங்காட்சியகப் பயிற்சிக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் நாமக்கல் மாவட்டத்து ஊரைத்தான் நினைத்தார்கள். நான் போனது எர்ணாகுளம் மாவட்டத்தில், பரவூருக்குப் பக்கத்தில் உள்ள சேந்தமங்கலம். கைத்தறிக்குப் பேர்போன ஊர். கோயில், மசூதி, தேவாலயம் எல்லாம் நடந்துபோகிற தூரத்தில் இருக்க, அவற்றோடு ஒரு பழைய யூத ஜெப ஆலயமும் உண்டு. அதைப் பழுதுபார்த்து 2006 முதல் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

தூசி தட்டுவது, மழைக்காலத்தில் மரவேலைப்பாடுகளில் பூஞ்சை படர்கிறதா என்று பார்ப்பது, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது என்று என் வேலைகள். கடைசியாகச் சொன்னதுதான் சிரமம். கொச்சி யூதர் என்றாலே எல்லோருக்கும் கொச்சி நகரத்து மட்டாஞ்சேரிதான். வெளிதேசத்திலிருந்து வந்த ‘பரதேசி’ யூதர்கள் 1568-இல் கட்டிய ஜெப ஆலயமும் அதன் நீலநிறச் சீன ஓடுகளும்தான். அதைப் பார்த்த கையோடு இங்கே வருகிறவர்கள் குனிந்து தரையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்கிறார்கள். எனக்கு எரிச்சல் வரும். கேரள யூதர்களில் பெரும்பாலோர் பரதேசிகள் அல்லர். பரவூர், மாளா, எர்ணாகுளம், சேந்தமங்கலம் என்று பரவி வாழ்ந்த மலபார் யூதர்கள். பிற்பாடு வந்து சேர்ந்த பரதேசிகள் தங்களை வெள்ளை யூதர் என்று சொல்லிக்கொண்டு இவர்களோடு பெண் கொடுத்து எடுக்கவில்லை. நம் மண்ணில் கால் வைத்தவர் யாரைத்தான் சாதி விட்டுவைத்தது!

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்ட இங்கே அதிகம் இல்லை. கட்டடத்தைத்தான் காட்ட வேண்டும். அதிலும் மாடியை. கூடத்தின் நடுவே யூதர்களின் வேதமான தோராவை வாசிக்கும் மேடை மற்ற நாட்டு ஜெப ஆலயங்களிலும் உண்டு. மாடியில் இரண்டாவதாக ஒரு மேடை வைப்பது கேரளத்து வழக்கம். ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் அங்கிருந்துதான் வாசிப்பார்கள். அதற்குப் பின்னால் மரச்சட்டத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதி. அதன் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். வாசிக்கிறவரின் முதுகு கைநீட்டினால் எட்டும். கீழே உட்கார்ந்திருந்த ஆண்களைவிடப் பெண்களுக்கே அந்தக் குரல் பக்கத்தில் கேட்டிருக்கும். பெண்களை ஒதுக்கி வைத்த இடம் என்று ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துபோக அதன்பிறகு மனம் வரவில்லை. வேதக் கதைகளை மலையாளத்தில் பாட்டாகப் பாடி, கையெழுத்து நோட்டுகளில் எழுதிக் காத்தவர்களும் இந்தப் பெண்கள்தான்.

படியேறச் சோம்பல்படுகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இவர்களை விரட்டியது யார்?" யூதர் வரலாறு என்றாலே வதைமுகாமை எதிர்பார்த்து வருகிறார்கள். யாரும் விரட்டவில்லை, 1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு, 1950-களில் அவர்களாகவே குடும்பம் குடும்பமாகக் கப்பலிலும் விமானத்திலும் புறப்பட்டுப் போனார்கள் என்றால் முகம் வாடிவிடுகிறது. வாசலில் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த, சாரா என்ற பெண்ணின் எபிரேயக் கல்லறைக் கல் நிற்கிறது. அத்தனை நூற்றாண்டு இருந்தவர்கள் எப்படி மனம்வந்து கிளம்பினார்கள் என்று கேட்பவர் சிலரே. கேட்டால் நான் மதப் பற்றையும் சொல்வேன், பிழைப்பையும் சொல்வேன், ஊரே கிளம்பும்போது ஒரு வீடு மட்டும் தனித்து நிற்க முடியாததையும் சொல்வேன்.

பயிற்சியின் பிற்பாதியில் சுற்றும் வரிசையை மாற்றிவிட்டேன். டிக்கெட் கிழித்ததும் முதலில் மாடி.