வலிக்காத கைதான் அதிகம் தேய்ந்திருந்தது

முதலில் காட்டிக்கொடுத்தது கத்தரிக்கோல்தான். நாலு மடிப்புத் துணியை வெட்டும்போது வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய இடத்தில், சுருக்கென்றது. கத்தரியைக் கீழே வைத்ததும் போய்விட்டது. 30 வருடமாகத் தைக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா என்று விட்டுவிட்டேன். அப்போது எனக்கு வயது 49.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. சாவி திருப்ப முடியவில்லை. பாட்டில் மூடியை யாராவது திறந்து கொடுக்க வேண்டியிருந்தது. ஈரத் துணி பிழிந்தால் அன்று ராத்திரி தூங்கினபாடில்லை. நடுவில் சில மாதம் சும்மா இருக்கும், சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது திரும்ப வரும்.

கடைசியில் டாக்டரிடம் போனேன். கட்டைவிரலின் அடிமூட்டு தேய்கிறது, அந்த மூட்டின் வடிவமே அப்படி என்றார். இரண்டு குதிரைச் சேணங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல இருக்குமாம். கட்டைவிரல் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுப்பது அதனால்தான். ஆனால் அதை இடத்தில் நிறுத்திவைப்பது பெரும்பாலும் தசைநார்கள். அவை தளர்ந்தால் எலும்பு மெல்ல வெளிப்பக்கம் நழுவும், குருத்தெலும்பு தேயும். விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தத்தோடு கிள்ளினால் அடிமூட்டில் ஏறக்குறைய 12 கிலோ விழுமாம். நாளெல்லாம் குண்டூசியைக் கிள்ளிக் கிள்ளிக் குத்துகிற எனக்கு அந்தக் கணக்கு வயிற்றைக் கலக்கியது.

எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கைக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இந்தத் தேய்மானத்தை ஈட்டன், லிட்லர் என்ற இரண்டு கை அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் 1973இல் நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள், பிற்பாடு அதைத் திருத்தியும் இருக்கிறார்கள். முதல் நிலையில் படத்தில் அநேகமாக ஒன்றும் தெரியாது. இரண்டில் மூட்டு இடைவெளி குறுகும், 2 மில்லிமீட்டருக்கு உட்பட்ட எலும்பு முளைகள் தெரியும். மூன்றில் இடைவெளி கிட்டத்தட்ட இருக்காது, முளைகளும் பெரிதாகிவிடும். நான்கில் பக்கத்து மூட்டும் சேர்ந்து கெட்டிருக்கும்.

உயிரை வாங்குகிற என் வலது கை இரண்டாம் நிலை. வாயே திறக்காத இடது கை மூன்றாம் நிலை!

படத்தை மாற்றி வைத்துவிட்டார்களோ என்று கேட்டே விட்டேன். டாக்டர் சிரித்தார். படமும் வலியும் பல பேருக்கு ஒத்துப்போகாது, மூட்டு இறுகிவிட்டால் வலி குறைவதும் உண்டு என்றார். அப்போதுதான் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. டேப் கைக்கெட்டாதபோது நான் துணியை இடது கையால் சாண் போட்டு அளப்பேன். கொஞ்ச நாளாக அந்த அளவு தப்பிக்கொண்டே இருந்தது. கண் மங்குகிறது என்று கண்ணாடியைக்கூட மாற்றினேன். கண் நன்றாகத்தான் இருந்தது. சாண்தான் ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கமாக ஒடுங்கிவிட்டது. அடியில் ஒரு மேடு, சட்டைத் தோளுக்குள் வைக்கிற பேட் மாதிரி. விரியாத விரலை விரிக்கப்போய், அதற்கு மேலே இருக்கிற கணு பின்பக்கம் வளைகிறது. வருடக்கணக்கில் நடந்திருக்கிறது, நான் பார்க்கவே இல்லை.

வைத்தியம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை நேரத்தில் வலது கைக்கு மூட்டைத் தாங்கிப்பிடிக்கிற ஸ்பிளின்ட், வலித்தால் பூச ஜெல், தானே விரிந்துகொள்ளும் ஸ்பிரிங் கத்தரி. தேய்ந்ததை இவை எதுவும் திரும்ப வளர்க்காது. தாங்கவே முடியாத காலம் வந்தால் ட்ரபீசியம் என்கிற அடி எலும்பை எடுத்துவிடும் ஆபரேஷன் இருக்கிறது. இப்போதைக்கு வேண்டாம் என்று இருவருமே சொல்லிக்கொண்டோம்.

வெட்டும் மேஜையின் ஓரத்தில் இடது சாணைப் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், வருடத்துக்கு ஒன்று. மூன்று கோடுகள் இருக்கின்றன. கடைசி இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழுந்திருக்கின்றன. போன வாரம் வலது சாணுக்கும் ஒரு கோடு போட்டேன்.