ஐந்து நிமிடத்தை நான்கு நொடியில் காட்டுவது

"ஏம்மா, இவ்ளோ அவசரமாவா மருந்து விடணும்?"

என் முதல் மோஷன் கிராஃபிக்ஸ் படத்தை, அதாவது வரைந்த உருவங்களும் எழுத்தும் அசைகிற படத்தைப் பார்த்துவிட்டு அப்பா கேட்ட முதல் கேள்வி இது. கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டபின் அடுத்த மருந்தை விட ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்று சொல்வதற்காகத்தான் அந்த 30 நொடிப் படத்தையே செய்திருந்தேன். மூன்று வார வேலை. அதைப் பார்த்தவருக்கு நேர் எதிர்ச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

நான் விஷுவல் கம்யூனிகேஷன் மாணவி. முதல் மூன்று செமஸ்டரும் அச்சு வேலைதான். போஸ்டர், லோகோ, புத்தக அட்டை. அதில் எனக்குக் கொஞ்சம் பெயரும் இருந்தது, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திமிரும் இருந்தது. நான்காவது செமஸ்டரில் மோஷன் கிராஃபிக்ஸ் என்றதும், 'போஸ்டரில் இருப்பதை நகர்த்திவிட்டால் போச்சு' என்றுதான் நினைத்தேன். அதற்கான மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸைத் திறந்து ஒரு வட்டம் போட்டேன். மேலே ஒரு கீஃப்ரேம், கீழே ஒரு கீஃப்ரேம். இந்த நேரத்தில் பொருள் இந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று வைக்கும் குறிதான் கீஃப்ரேம். பந்து விழுகிற பயிற்சி. நடுவில் உள்ளதை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும் என்று தெரியும். நிரப்பியது. ஆனால் பந்து விழவில்லை. யாரோ நூல் கட்டிக் கீழே இறக்கியதுபோல வந்து நின்றது.

பக்கத்தில் இருந்த நண்பன் சொன்னான், எஃப்9 அழுத்து, ஈஸி ஈஸ் ஆயிடும், எல்லாம் சரியாயிடும் என்று. ஈஸி ஈஸ் என்றால் அசைவு கிளம்புவதையும் நிற்பதையும் மென்மையாக்குவது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் எதற்கெடுத்தாலும் அதைத்தான் அழுத்துவார்கள். அழுத்தினேன். இப்போது பந்து மெதுவாகக் கிளம்பி, வேகம் எடுத்து, தரையைத் தொடுவதற்கு முன் மறுபடியும் தயங்கியது. தரையைக் கண்டு பயப்படுகிற பந்து. விழுகிற பொருள் தரையில் மோதும் அந்தக் கணத்தில்தான் அதிக வேகத்தில் இருக்கும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். மென்பொருளைக் கண்டதும் அது மறந்துபோயிருந்தது.

மேடம் வந்து பார்த்தார். கணினியை அணைக்கச் சொன்னார். ஒரு தாளில் செங்குத்தாகக் கோடு போட்டு, அதில் பந்து எங்கெங்கே இருக்கும் என்று புள்ளி வைக்கச் சொன்னார். முதல் இடைவெளி 1 என்றால் அடுத்தது 3, அப்புறம் 5, அப்புறம் 7. சமமான நேரத்துக்குள் விழுகிற பொருள் கடக்கும் தூரம் இப்படி ஒற்றைப்படை எண்களாகத்தான் கூடும். கலிலியோ கண்டு சொன்ன கணக்கு. அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு, அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் வளைவை வளைத்தபோது பந்து முதல்முறையாக விழுந்தது. எனக்கு உடம்பே சிலிர்த்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். வெறும் ஒரு வட்டம்தான்.

அடுத்து நசுக்கி இழுப்பது. டிஸ்னியின் பழைய அனிமேட்டர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் எழுதிவைத்த 12 விதிகளில் முதலாவது அது. பந்து தரையில் மோதும்போது சப்பையாக வேண்டும், ஆனால் அதன் பருமன் கூடவோ குறையவோ கூடாது. அகலத்தை 130 சதவீதம் ஆக்கினால் உயரத்தைச் சுமார் 77-க்குக் குறைக்க வேண்டும். நான் அகலத்தை மட்டும் கூட்டினேன். பந்து ஒவ்வொரு முறை விழும்போதும் ஒரு சுற்று பெருத்து எழுந்தது. இப்படிப் பதினொரு பந்து செய்தேன். பதினொன்றாவதைப் பார்த்து மேடம் "ம்" என்றார். அது பாராட்டு.

அப்புறம்தான் அந்தச் செமஸ்டரின் பெரிய வேலை வந்தது. வீட்டில் ஒருவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு செய்முறையை 30 நொடியில் விளக்க வேண்டும். குரல் கூடாது. தலைப்பைத் தவிர எழுத்து ஐந்து சொல்லைத் தாண்டக் கூடாது. அப்பாவுக்கு அப்போதுதான் கண்புரை அறுவை முடிந்திருந்தது. இரண்டு குப்பி சொட்டு மருந்து. இரண்டையும் அடுத்தடுத்து விட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். இரண்டாவது சொட்டு முதல் சொட்டைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடும், இடைவெளி வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும், "சரி சரி" என்பார். எனக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

தலைப்பு எழுத்திலேயே ஒரு வாரம் போயிற்று. 'சொட்டு மருந்து' என்று தட்டினால் திரையில் சகரம் முதலில் வந்து, கொம்பும் காலும் அதன் பின்னால் தனியாகத் தொங்கின. அமைப்புகளில் எழுத்து எந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கு உரியதாக மாற்றினால் சரியாகும் என்று தெரிந்துகொள்ளவே இரண்டு நாள். ஒவ்வொரு எழுத்தாக வரவைக்கலாம் என்றால் அதுவும் சொன்னபடி கேட்கவில்லை. கடைசியில் எழுத்துகளை வடிவங்களாக மாற்றி, துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டேன். 'சொ'வில் மூன்று துண்டு. கொம்பு, ச, கால். மூன்றையும் மூன்று திசையிலிருந்து பறந்து வரவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொம்பும் சகரமும் வந்து சேர்ந்து, கால் இன்னும் வந்து சேராத அந்தப் பத்துப் பன்னிரண்டு ஃபிரேமில் (என் படத்தில் ஒரு நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படம்) அங்கே இருந்தது 'சொ' இல்லை, 'செ'. கண் அதைப் படித்துவிடுகிறது. பிறகு கால் வந்ததும் படித்ததை அழித்துவிட்டு மறுபடி படிக்கிறது. நம் எழுத்தில் பாதி எழுத்து என்று ஒன்று கிடையாது. பாதியில் நிறுத்தினால் வேறொரு எழுத்தாகிவிடுகிறது. அதனால் 'சொ'வை ஒரே துண்டாகக் கட்டிப்போட்டேன்.

ஆனால் இதே சங்கதி 'ட்'டில் எனக்கு உதவியது. புள்ளி இல்லாத 'சொடடு' திரையில் நிற்கிறது. மேலே குப்பி கவிழ்கிறது, ஒரு துளி விழுகிறது, முதல் டகரத்தின் தலையில் உட்கார்ந்து புள்ளியாகிறது. சொட்டு! அந்தப் பதினொரு பந்தும் இந்த ஒரு புள்ளிக்காகத்தான் போலிருக்கிறது. மேடத்திடம் காட்டியபோது, "புள்ளியை இவ்வளவு நசுக்காதே, கோடாயிடுது" என்று மட்டும் சொன்னார். 130-ஐ 112 ஆக்கினேன்.

அந்தக் குப்பி கவிழ்வதிலும் ஒரு கூத்து நடந்தது. முதலில் அது நடு வயிற்றைச் சுற்றி மின்விசிறிபோலச் சுழன்றது. கையில் பிடித்திருக்கும் பொருள், பிடித்த இடத்தைச் சுற்றித்தானே திரும்பும். சுழலும் மையமான ஆங்கர் பாயிண்டை விரல்கள் பிடிக்கும் இடத்துக்கு நகர்த்தியதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை அங்கே வந்துவிட்டது.

முதல் வரைவில், துளி விழும்போது திரை முழுவதும் பளிச் பளிச்சென்று வெட்டுவதுபோல ஒன்றும் வைத்திருந்தேன். மேடம் அதை உடனே எடுக்கச் சொன்னார். 1997 டிசம்பரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதைப் பார்த்து, அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்று இணையத் தளங்களுக்கான வழிகாட்டு விதிகளில் இன்று இருக்கிறது. கண் மருந்துக்குப் படம் எடுத்துவிட்டுக் கண்ணையே குத்தப் பார்த்திருக்கிறேன்.

'ஒரு நாளைக்கு நான்கு முறை' என்பதற்கு ஒரு துளியைப் போட்டு, அதைப் படிப்படியாகப் பெரிதாக்கியிருந்தேன். அப்பா அதைப் பார்த்து, "பெரிய சொட்டா விடணுமா?" என்றார். இந்தத் தவறு புதிதில்லை என்று பிறகு தெரிந்தது. 1920-களில் வியன்னாவில் ஓட்டோ நாய்ராத் புள்ளிவிவரங்களைப் படமாக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். படங்களை வரைந்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ். அதில் அடிப்படை விதியே, எண்ணிக்கை கூடினால் படத்தைப் பெரிதாக்காதே, அதே படத்தைத் திரும்பப் போடு என்பதுதான். நான்கு துளி, ஒரே அளவு, ஒன்றன்பின் ஒன்றாக. நூறு வருடப் பழைய தாளிலிருந்து எடுத்த தீர்வு. அப்பாவுக்கு உடனே புரிந்தது.

ஐந்து நிமிடம்தான் கழுத்தை நெரித்தது.

முதலில் கடிகாரம். முள் விர்ரென்று சுற்றி ஐந்து நிமிடத்தை இரண்டு நொடியில் கடந்தது. அதைப் பார்த்துத்தான் அப்பா 'இவ்ளோ அவசரமாவா' என்று கேட்டார். கடிகாரம் வேகமாக ஓடினால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள் என்பது சினிமா பார்க்கிற எவருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் செய்முறைப் படத்தில் அவர் பார்ப்பது கதையை இல்லை, கட்டளையை. திரையில் எது வேகமாக ஓடினாலும் நாமும் வேகமாகச் செய்ய வேண்டும் என்றே எடுத்துக்கொள்கிறார். அவர் மேல் தவறில்லை.

அடுத்து எண்கள். 5, 4, 3, 2, 1 என்று இறங்கும். "அஞ்சு எண்ணினா போதுமா? அப்ப சுலபம்தான்" என்றார். என்னைவிடச் சந்தோஷமாக இருந்தார்.

அன்று இரவு ரெண்டர், அதாவது செய்ததைக் கணினி வீடியோவாக்கும் வேலை, ஓடிக்கொண்டிருக்கும்போது வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். 1960-இல் தன் நிறுவனத்துக்கே மோஷன் கிராஃபிக்ஸ் என்று பெயர் வைத்தவர் ஜான் விட்னி. போரில் விமானங்களைச் சுடும் பீரங்கிக்குக் குறி கணக்கிட்ட எந்திரத்தை வாங்கி, அதை அசையும் ஓவியம் வரையும் கருவியாக மாற்றியவர் அவர். அந்த மனிதருக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்கும் என்று யோசித்தேன். என்னால் ஒரு ரெண்டர் முடியும்வரை பொறுக்க முடியவில்லை. ஐந்து நிமிடம் பொறு என்று அப்பாவுக்கு மட்டும் பாடம் எடுக்கிறேன்.

போஸ்டர் வேறு என்று அப்போதுதான் உறைத்தது. போஸ்டர் முன்னால் நிற்பவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பார், வேண்டாம் என்றால் போவார். நேரம் அவர் கையில். இங்கே நேரம் என் கையில் இருக்கிறது. அதை நான் ஒரு நொடிகூடச் சும்மா விடவில்லை; 750 ஃபிரேமிலும் ஏதாவது ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது. நிற்பது என்றால் எப்படி இருக்கும் என்று படத்தில் எங்குமே காட்டவில்லை.

கடிகாரத்தைத் தூக்கினேன். எண்களையும் தூக்கினேன். மருந்து விட்டதும் முகம் கண்ணை மூடுகிறது. பக்கத்தில் இரண்டாவது குப்பி வெளிறிப்போய் நிற்கிறது. அதன் கீழே '5 நிமிடம்' என்ற எழுத்து. நான்கு நொடி, அதாவது 100 ஃபிரேம், வேறு ஒன்றும் நடக்காது. குப்பியில் நிறம் மட்டும் அடியிலிருந்து மெல்ல ஏறும். நிறம் நிரம்பிய பிறகுதான் கண் திறக்கும்.

வகுப்பில் போட்டேன். இரண்டாவது நொடியிலேயே பின்வரிசையிலிருந்து, "ஹேங் ஆயிடுச்சா?" என்று குரல். நிறம் ஏறுவதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் அசையாத முகத்தில்தான் இருந்தது. உடனே ஏதாவது ஆட்டிவிடலாம் என்று கை பரபரத்தது. மேடம் கேட்டார்: "நீ சும்மா உக்காந்திருக்கும்போது உன் உடம்புல எது அசையுது?"

மூச்சு. நிதானமாக இருக்கும் ஒருவர் ஒரு முறை மூச்சு விட மூன்றிலிருந்து ஐந்து நொடி ஆகும். என் 100 ஃபிரேமுக்கு ஒரே ஒரு மூச்சு. தோளை 100 சதவீதத்திலிருந்து 101.5 வரை ஏற்றி இறக்கினேன், ஆங்கர் பாயிண்ட் இடுப்பில். ஏறுவதைவிட இறங்குவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுத்தேன். இப்போது படம் நிற்கவில்லை, அந்த மனிதர் காத்திருக்கிறார். ஒன்றரை சதவீதம்தான். யாராவது சுட்டிக்காட்டினால்தான் தெரியும்.

அப்பாவிடம் மூன்றாவது முறை காட்டினேன். மடிக்கணினியை அவர் முன்னால் வைத்துவிட்டு, "பாருங்கப்பா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லி நகர்ந்து நின்றேன். துளி விழுந்து புள்ளியானதும் சிரித்தார். நான்கு துளியை விரலால் எண்ணினார். முகம் கண்ணை மூடியது. அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை இழுத்து, மெதுவாக விட்டார்.

நிறம் ஏறி முடிந்தது. திரையில் கண் திறந்தது. இரண்டாவது குப்பி கவிழ்ந்தது, சொட்டு விழுந்தது, படம் முடிந்து திரை கறுத்தது. அப்பா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"அப்பா?"

"இரும்மா, அஞ்சு நிமிஷம் ஆகலியே."

குரல் கூடாது என்றுதான் மேடம் சொல்லியிருந்தார். ஓசை கூடாது என்று சொன்னதாக நினைவில்லை. அவர் கண்ணைத் திறப்பதற்குள், நிறம் நிரம்பும் ஃபிரேமில் வைக்க ஒரு சின்ன மணிச் சத்தத்தைத் தேட ஆரம்பித்திருந்தேன்.