புதையல் புத்தகம் கிடைத்துவிட்டது, நடுத்தாள் இல்லாமல்

புத்தகத்தின் பெயரையும் எழுதியவர் பெயரையும் சொல்லப் போவதில்லை. அது அவர் போட்ட நிபந்தனை. மற்றதையெல்லாம் சொல்கிறேன். பழைய சிறுநூல்களைத் தேடி அலைகிறவர்களுக்கு உதவும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இராமநாதபுரத்தில் அச்சான 32 பக்க விடுகதைப் புத்தகம் அது. தேவிபட்டினம், பாம்பன், தனுஷ்கோடி என்று நம்ம கடற்கரையை வைத்தே எல்லா விடுகதையும். அவிழ்த்துக்கொண்டே போனால் ஒரு வெள்ளிச் சங்கு புதைத்த இடத்தில் போய் நிற்கலாம். 1979-இல் இங்கிலாந்தில் கிட் வில்லியம்ஸ் 'மாஸ்கரேட்' என்ற படப்புத்தகத்துக்குள் ஒரு தங்க முயலுக்கு வழி ஒளித்து வைத்தாரே, அந்தச் செய்தியைப் படித்த நம்ம ஊர்க்காரர் ஒருவர், புனைபெயரில், சொந்தக் காசில் செய்த காரியம்.

இணையத்தில் உள்ள நூலகப் பட்டியல் எதிலும் அது இல்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சாகிற நூலில் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். ஆனால் சிற்றூர் அச்சகத்தில் சொந்தக் காசில் நூறு இருநூறு பிரதி போட்டவர்களில் எத்தனை பேர் அனுப்பியிருப்பார்கள்?

மனசு நொந்தது கடற்கரையோர நூலகம் ஒன்றில்தான். "அந்தக் காலத்துப் புத்தகமெல்லாம் கழிச்சாச்சு சார்" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர், தலையைத் தூக்காமலே. சரி, புத்தக வரவுப் பதிவேட்டையாவது காட்டுங்கள் என்றேன். அதற்கு மேலிடத்து அனுமதிக் கடிதம் வேண்டுமாம். ராம்நாட்டுக்குப் பஸ் ஏறினேன். அதிகாரி கேம்ப். எப்போது வருவார் என்று சொல்ல ஆளில்லை. மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அடுத்த முறை கடிதம் கிடைத்தது, ஆனால் அதில் முத்திரை இல்லை என்று நூலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஒரு ஊரின் புத்தகத்தை எடைக்குப் போட்டவர்களுக்கு அனுமதி தேவைப்படவில்லை, அது இருந்ததா என்று பார்க்க வருகிறவனுக்கு மட்டும் இத்தனை தடை. இப்போது எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

கடைசியில் பதிவேடு வந்தது. செல்லரித்த பக்கத்தில், ஊதா மையில், ஒரே ஒரு வரி. வெளியிட்டவர் கட்டத்தில் ஓர் அச்சகத்தின் பெயர்!

இதைக் கவனியுங்கள். ஆசிரியர் புனைபெயரில் ஒளிந்துகொள்ளலாம், அச்சகம் ஒளிய முடியாது. 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரும் ஊரும் அன்றைய நூல்களில் இருந்தே ஆக வேண்டும். பழைய நூல் எதைத் தேடினாலும் ஆசிரியரை விட்டுவிட்டு அச்சகத்தைப் பிடியுங்கள். பதிவேட்டு வரியை அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மறுபடி காட்டுவார்கள் என்று நம்ப வேண்டாம்.

அந்த அச்சகம் இப்போது பிளெக்ஸ் பேனர் கடை. கடைக்காரர் தங்கமான மனிதர். அப்பா காலத்தில் அச்சுக் கோத்தவர் கீழக்கரையில் இருப்பதாகச் சொல்லி, தானே போன் போட்டுக் கொடுத்தார். பாய்க்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். புத்தகத்தைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "படுத்தா ரயிலு, எந்திரிச்சா கப்பலு. அதுதானே தம்பி?" பாம்பன் தூக்குப்பாலம்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தான் ஒவ்வோர் எழுத்தாகக் கோத்ததை அவர் மறக்கவே இல்லை. எழுதியவர் ரயில்வேக்காரர் என்பதும் எந்த ஊரில் இருக்கிறார் என்பதும் அவர் வாயிலிருந்துதான் வந்தது.

எழுதியவர் வீட்டுக்கு நேரில் போனதும் வாசலிலேயே அவருடைய மகள் நிறுத்திவிட்டார். "அப்பா யாரையும் பாக்கிறதில்லண்ணே. அந்தப் புத்தகத்தால பட்டது போதும்." வற்புறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு தபால் அட்டையில், பாய் நினைவிலிருந்து சொன்ன மூன்று விடுகதைகளுக்கு விடை மட்டும் எழுதி அனுப்பினேன். தூக்குப்பாலம், தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள், 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி ஸ்டேஷன். வாரம் முடிவதற்குள் அந்த அக்கா போன் செய்தார். "மூணும் சரியாம். வரச் சொல்றாங்க."

அவர் பட்டதை அவரே சொன்னார். புத்தகம் வந்த வருஷமே ராத்திரி ராத்திரியாக ஆட்கள் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்கள். தாழம்புதர்களைத் தோண்டினார்கள், அடுத்தவன் பனங்காட்டைத் தோண்டினார்கள், தீவுகளுக்கும் படகு விட்டார்கள். வீட்டுக்கு வந்து மிரட்டியவர்களும் உண்டு. அவரே போய்ச் சங்கைத் தோண்டி எடுத்துவந்துவிட்டு, மிச்சமிருந்த பிரதிகளையும் அடுப்பில் போட்டிருக்கிறார். அதனால் யாரும் மண்வெட்டி தூக்க வேண்டாம், அங்கே ஒன்றுமில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் கால் வைக்கவே கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் இன்னும் இருக்கிறது. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

அடுப்புக்குத் தப்பிய ஒரே பிரதியை என் கையில் கொடுத்தார். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுக்க விட்டார், எடுத்துப்போக விடவில்லை. அதுவும் நியாயம்தான். உப்புக்காற்றில் கம்பிப் பின் துருப்பிடித்து நடுத்தாள் எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. 15 முதல் 18 வரை பக்கங்கள் இல்லை. அந்த விடுகதைகள் அவருக்கே நினைவில்லை.

பச்சை மை அட்டை, அதில் திறந்து நிற்கும் தூக்குப்பாலம். பரணிலோ தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ இப்படி ஒன்று இருந்தால், அந்த நாலு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அவர் இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.