புகையாகிப் போகும் உலோகத்தைப் பிடித்த ஜாவர்

உதய்பூருக்கு வருவோர் ஏரிகளையும் அரண்மனைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதே வழக்கம். அங்கிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், ஆரவல்லி மலைகளுக்கிடையே திடி ஆற்றங்கரையில் இருக்கும் பழைய சுரங்க ஊரான ஜாவருக்கு நாங்கள் சென்றபோது வெளியூர்க்காரர் வேறு எவரையும் காணவில்லை.

இம்மலைகளில் ஈயத் தாதுவும் துத்தநாகத் தாதுவும் டோலமைட் பாறைக்குள் கலந்தே கிடக்கின்றன. வெடிமருந்து இல்லாத காலத்தில் பாறையின்மீது தீ மூட்டி, சூட்டில் அது விரிசல் கண்டபின் உடைத்தெடுத்தார்கள். பழைய குடைவுகளில் கிடைத்த மரத்துண்டுகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது, அவற்றுள் சில 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை எனத் தெரியவந்தது.

ஆனால் ஜாவரின் பெருமை தோண்டியதில் இல்லை, உருக்கியதில் இருக்கிறது. ஈயம் உலையடியில் உருகித் தேங்கிவிடும். துத்தநாகமோ 907 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும், தாதுவிலிருந்து அதைப் பிரிக்க அதைவிட அதிக வெப்பம் வேண்டும், வெளியேறும் ஆவியோ காற்றுப் பட்ட நொடியில் வெண்பொடியாகிவிடும். இதற்கு ஜாவர்க்காரர்கள் கண்ட வழி, ஆவியைக் கீழ்நோக்கி இறக்குவது. மூசை எனப்படும், உலையில் சூடேற்றும் கத்தரிக்காய் வடிவ மண்கலன்களில் தாதுக்கலவையை அடைத்து, ஓர் உலைக்கு 36 வீதம் தலைகீழாக நிறுத்தினார்கள். கலவை கொட்டிவிடாதபடி நடுவில் செருகிய குச்சி எரிந்துபோக, அந்தத் துளையே ஆவிக்கு வழியாயிற்று. துளைகளிட்ட தட்டுக்குக் கீழே இருந்த குளிர்ந்த அறையில் உலோகம் சொட்டியது. நம் சித்த மருத்துவர்கள் வாலை என்னும் வடிகலத்தில் வடிப்பதைக் கண்டவர்களுக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் இதையொத்த முறைக்குக் காப்புரிமை பெற்ற 1738ஆம் ஆண்டுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கு இது பெருந்தொழிலாக நடந்தது. அந்த உலைகள் வரிசையாக நின்ற நிலையில் 1980களின் அகழாய்வில் வெளிப்பட்டன.

பயன்படுத்தித் தள்ளிய மூசைகள் மேடுமேடாகக் குவிந்துள்ளன. செங்கல்லுக்குப் பதிலாக அவற்றையே அடுக்கி எழுப்பிய வீட்டுச் சுவர்களும் உண்டு. எனக்கு உலையைவிட இச்சுவர்களே அதிக வியப்பைத் தந்தன.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோன தொழில் இன்று ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தின்கீழ் நடக்கிறது. மோச்சியா, பலாரியா, ஜாவர் மாலா, பரோய் என நான்கு நிலத்தடிச் சுரங்கங்களிலிருந்து தாது மேலே வருகிறது. அதை மாவாக அரைத்து, நுரையில் மிதக்கவிட்டு, ஈயத்தையும் துத்தநாகத்தையும் தனித்தனியே பிரிக்கிறார்கள். உருக்குவது மட்டும் வேறு ஊர்களில்.